பாய்மரப் படகில் டீசல் எஞ்சின் சூடேறினால்: தண்ணீர் போகும் வழியிலேயே தேடுங்கள்

அலாரம் கத்துகிறது, வெப்பமானியின் முள் 95-ஐத் தாண்டி ஏறுகிறது. எஞ்சின் மூடியில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. படகின் பின்பக்கம் எட்டி, எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். புகையோடு சேர்ந்து சளக் சளக்கென்று தண்ணீர் துப்பிக்கொண்டிருந்தால் கோளாறு ஒரு பக்கம். வெறும் ஆவியும் புகையும் மட்டும் வந்து, சத்தமும் வழக்கத்தைவிட வறண்டு கரகரவென்று மாறியிருந்தால் கோளாறு இன்னொரு பக்கம். தேடலில் பாதி இந்த ஒரு பார்வையிலேயே முடிந்துவிடும். இதைச் செய்யாமல் நேரே தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வை) கழற்றுகிறவர்கள்தான் அரை நாளை வீணாக்குகிறார்கள்.

இங்கே சொல்லப்படுவது சிறிய, நடுத்தரப் பாய்மரப் படகுகளில் இருக்கும் 10 முதல் 50 குதிரைத்திறன் வரையிலான டீசல் எஞ்சின்களைப் பற்றி. யான்மார், வோல்வோ பென்டா, பீட்டா என்று பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்.

தண்ணீர் எப்படி ஓடுகிறது

டீசல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் புரொப்பல்லரைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மிச்சமுள்ள பங்கைத் தண்ணீர்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். லாரியில் ரேடியேட்டருக்கு முன்னால் காற்று அடிக்கும். படகின் வயிற்றுக்குள் அடைத்து வைத்த எஞ்சினுக்கு அந்த வசதி கிடையாது. கடல் நீரே அந்த வேலையைச் செய்கிறது.

பழைய, சிறிய எஞ்சின்கள் சிலவற்றில் கடல் நீரே நேராக எஞ்சின் பிளாக்குக்குள் ஓடும். மற்றவற்றில் இரண்டு சுற்றுகள் உண்டு. உள்சுற்றில் கூலன்ட் கலந்த நன்னீர் எஞ்சினுக்குள்ளேயே சுழலும். வெளிச்சுற்றில் கடல் நீர் வந்து, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அந்த நன்னீரின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். இரண்டு நீரும் கலப்பதில்லை. நடுவே மெல்லிய உலோகக் குழாய்களின் சுவர் இருக்கிறது.

உங்கள் எஞ்சின் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சரியான வெப்பநிலையே இரண்டிலும் வேறு. யான்மாரின் ஜி.எம். வரிசையை எடுத்துக்கொண்டால், கடல் நீர் நேராக ஓடும் 3ஜி.எம்.30-இல் தெர்மோஸ்டாட் 42 டிகிரியில் திறக்கத் தொடங்கி 52-இல் முழுதாகத் திறக்கும். நன்னீர்ச் சுற்றுள்ள 3ஜி.எம்.30எஃப்-இல் அதுவே 71-இல் தொடங்கி 85-இல் முழுதாகத் திறக்கும். சுமார் 60 டிகிரியைத் தாண்டினால் கடல் நீரில் உள்ள உப்பும் சுண்ணாம்பும் உலோகத்தில் படியத் தொடங்கும். அதனால்தான் முதல் வகை எஞ்சினைக் குளிர்ச்சியாகவே ஓட்டுகிறார்கள். அதற்கு 80 டிகிரி என்பது ஆபத்து. இரண்டாவது வகைக்கு அது அன்றாட நிலை.

கடல் நீரின் பாதையை மனப்பாடம் செய்துவிடுங்கள். படகின் அடியில் உள்ள துளை, அதன் மேல் சீகாக் வால்வு, அடுத்து குப்பையைப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னர், பிறகு ரப்பர் இம்பெல்லர் சுழலும் கடல் நீர் பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர், பல படகுகளில் அதற்கு மேலே வளைந்து போகும் சைஃபன் தடுப்பு வால்வு (எஞ்சின் நின்றபின் கடல் நீர் தானாக உள்ளே வழியாமல் தடுப்பது), அதன்பின் எக்ஸாஸ்ட் எல்போ. அந்த எல்போவில்தான் கடல் நீர் கொதிக்கும் புகையோடு கலந்து அதைக் குளிர வைக்கிறது. கலந்த நீரும் புகையும் வாட்டர்லாக் என்ற நீர் தேங்கும் பெட்டி வழியாகப் பின்பக்கம் வெளியேறும். எல்போவுக்குப் பிறகு இருப்பது ரப்பர் ஹோஸ் என்பதை மறக்க வேண்டாம். தண்ணீர் நின்றால் எஞ்சினுக்கு முன்னால் அந்த ஹோஸ்தான் கருகும்.

அலாரம் அடித்த உடனே

பின்பக்கம் தண்ணீர் வரவில்லை என்றால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். தண்ணீர் நன்றாக வந்தால் கியரை நியூட்ரலுக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்து இரண்டு மூன்று நிமிடம் ஓட விடலாம். சூடு ஓரளவு இறங்கும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட வேண்டும். துறைமுக வாயிலில், பாறைகளுக்குப் பக்கத்தில் இது நடந்தால் எஞ்சினைவிடப் படகு முக்கியம். பாயை விரியுங்கள், அல்லது நங்கூரத்தைப் போடுங்கள். எஞ்சினை வைத்துக் கரை சேரும்போதும் பாயையும் நங்கூரத்தையும் தயாராக வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கூலன்ட் மூடியை அந்தச் சூட்டில் திறக்கவே கூடாது. மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. அந்த அழுத்தத்தால் உள்ளே உள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய கணத்தில் நீர் கொதித்து ஆவியோடு பீறிட்டு முகத்தில் அடிக்கும். கை வைத்துத் தொட முடிகிற அளவு ஆறிய பிறகு, துணியைப் போட்டு, முதல் பிடிமானம் வரை மட்டும் திருப்பி அழுத்தத்தை வெளியே விட்டு, அப்புறம் திறங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் அதே அளவு கெடுதல். சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.

தண்ணீர் வரவில்லை: கடலிலிருந்து தொடங்குங்கள்

கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கம்தான். அதுவும் எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடத்திலேயே சூடேறினால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் சீகாக் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். படகை விட்டுப் போகும்போது பாதுகாப்புக்காக மூடியிருப்பார்கள், திரும்பி வந்ததும் மறந்திருப்பார்கள். எஞ்சின் சாவியை சீகாக் கைப்பிடியிலேயே தொங்க விடுகிற பழக்கம் இதனால்தான் வந்தது.

திறந்துதான் இருக்கிறது என்றால், அடியில் உள்ள துளையை ஏதோ அடைத்திருக்கலாம். பிளாஸ்டிக் பை, பாசி, ஜெல்லி மீன் எல்லாமே உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தினால் உறிஞ்சல் நின்று பை தானாகவே விழுந்துவிடுவதும் உண்டு. விழவில்லையென்றால் சீகாக்கை மூடி, அதன் மேலிருக்கும் ஹோஸைக் கழற்றி, ஒரு நொடி வால்வைத் திறந்து பாருங்கள். தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தால் அந்தப் பகுதி சுத்தம். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு அங்கேதான். ரப்பர் படகுக்குக் காற்றடிக்கும் பம்பின் குழாயை அதில் பொருத்தி அழுத்தினால் அடைப்பு பெரும்பாலும் கீழே போய்விடும். இதைச் செய்யும்போது துளைக்குப் பொருந்தும் மரக்கட்டை ஆப்பு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பல மாதம் ஒரே இடத்தில் நின்ற படகென்றால் துளைக்குள்ளேயே கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் கடலுயிரி) வளர்ந்திருக்கும். அதற்குக் காற்று போதாது, கம்பியால் சுரண்ட வேண்டும். செயில்டிரைவ் (எஞ்சினிலிருந்து படகின் அடி வழியாக நேரே கீழிறங்கும் புரொப்பல்லர்க் கால்) வைத்த படகுகளில் தண்ணீர் டிரைவின் காலில் உள்ள சிறு துளைகள் வழியாக வருகிறது. அவை இன்னும் சீக்கிரம் அடைபடும்.

அடுத்தது ஸ்ட்ரெய்னர். கூடையைக் கழுவுவது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது அதன் மூடி. ஸ்ட்ரெய்னர் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் படகில், மூடியின் ஓ-ரிங் சரியாக உட்காராவிட்டால் வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கசியாது. பதிலுக்குப் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடையைக் கழுவி மூடியபின் புதிதாகச் சூடேறத் தொடங்கினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஓ-ரிங்கைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, மூடியைக் கோணாமல் இறுக்குங்கள். பம்புக்கு முன்னால் உள்ள ஹோஸ் கம்பிச்சுருள் இல்லாத வகையாக இருந்தால் வேகம் கூடும்போது உறிஞ்சலில் அது தட்டையாகிவிடும். குறைந்த வேகத்தில் நன்றாக ஓடி, கூட்டினால் சூடேறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு இம்பெல்லர். பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரம் இது. நெகிழும் இலைகள் அதைச் சுற்றி நிற்கும். பம்பின் உடலில் ஒரு பக்கம் உள்நோக்கிப் புடைத்திருக்கும். அந்த இடத்தைக் கடக்கும்போது இலைகள் மடங்கி நீரைத் தள்ளும், கடந்ததும் விரிந்து புது நீரை இழுக்கும். இதற்கு உயவு அந்தக் கடல் நீர்தான். தண்ணீர் நின்றுவிட்டால் ரப்பர் உலோகத்தில் உரசிச் சூடாகி ஓரிரு நிமிடத்திலேயே இலைகள் பிய்ந்துவிடும். ஆக, சீகாக்கைத் திறக்க மறந்து எஞ்சினை ஓட்டியிருந்தால், வால்வைத் திறந்தபின் தண்ணீர் வந்தாலும் இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்துவிடுவதே நல்லது.

கழற்றும் முறை: சீகாக்கை மூடுங்கள். பம்பின் முன்தகட்டில் நான்கு அல்லது ஆறு சிறிய ஸ்க்ரூக்கள் இருக்கும். கடைசி ஸ்க்ரூவை எடுக்கும்போது அடியில் ஒரு துணியை விரித்து வையுங்கள், பில்ஜுக்குள் (படகின் அடிக்குழிக்குள்) விழுந்தால் கிடைக்காது. தகட்டையும் காகித கேஸ்கெட்டையும் எடுங்கள். இலைகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று கைபேசியில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். இம்பெல்லரை நெம்ப ஸ்க்ரூடிரைவரைப் பயன்படுத்தினால் பம்பின் பித்தளை உடலில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே எப்போதும் நீர் கசிந்து பம்பின் பலம் குறையும். இடுக்கியால் நடுவே பிடித்து இழுங்கள், அல்லது இதற்கென்றே விற்கும் இழுப்பானை வாங்கி வையுங்கள்.

வெளியே எடுத்தபின் ஒவ்வோர் இலையையும் விரலால் மடக்கி, அடிப்பகுதியைப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு தெரிந்தாலே மாற்ற வேண்டியதுதான். அடுத்து பலர் தவறவிடும் சோதனை ஒன்று. நடுவில் உள்ள பித்தளைப் புஷ்ஷைப் பிடித்துக்கொண்டு ரப்பரைத் திருகுங்கள். ரப்பர் தனியாகச் சுழன்றால் ஒட்டு விட்டுவிட்டது என்று பொருள். இலைகள் எல்லாம் புதிது போலிருக்கும், தண்டும் சுழலும், தண்ணீர் மட்டும் வராது.

இலை ஒன்று குறைந்தால்கூட அந்தத் துண்டைத் தேடியே ஆக வேண்டும். அது நீரோட்டத்தோடு போய் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவாயிலில்தான் பெரும்பாலும் தங்கும். அந்த ஹோஸைக் கழற்றித் துண்டுகளை எடுத்து, மேசை மேல் இம்பெல்லரோடு பொருத்திப் பாருங்கள். முழு வட்டமும் சேரும்வரை வேலை முடியவில்லை. புது இம்பெல்லரைப் போட்ட மறுநாளே மீண்டும் சூடேறுகிறது என்று வரும் புகார்களுக்கு இந்தத் துண்டுகள்தான் வழக்கமான காரணம்.

புதியதைப் போடும்போது கிளிசரின் அல்லது பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் தடவி, தண்டு சுழலும் திசையிலேயே திருகியபடி உள்ளே தள்ளுங்கள். பெட்ரோலியம் கலந்த கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும், வேண்டாம். முன்தகட்டில் வட்ட வட்டமாகத் தேய்மானம் தெரிந்தால், எழுத்து எதுவும் அச்சிடாத தகடாக இருக்கும் பட்சத்தில் அதைத் திருப்பிப் போடலாம். அல்லது கண்ணாடி மேல் நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். பம்பின் அடியில் சிறு துளையிலிருந்து நீர் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். அந்தத் துளை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. அதில் சொட்டினால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்ற எச்சரிக்கை. அதை அடைத்தால் கடல் நீர் பேரிங்குக்குள் போகும், சில எஞ்சின்களில் எண்ணெய்க்குள்ளும் போகும்.

பம்ப் பெல்ட்டால் ஓடும் வகையென்றால் பெல்ட்டையும் கட்டைவிரலால் நடுவே அழுத்திப் பாருங்கள். சுமார் 10 மில்லிமீட்டர் தாழ வேண்டும். சுற்றிலும் கறுப்புத் தூள் படிந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது.

எல்போ: கண்ணுக்குத் தெரியாமல் அடைபடும் இடம்

பம்ப் நன்றாக இருந்தும் தண்ணீர் குறைவாகவே வருகிறது என்றால் எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றுங்கள். ஒரு பக்கத்தில் சூடான புகையின் கரி, இன்னொரு பக்கத்தில் ஆவியாகும் கடல் நீரின் உப்பு. இரண்டும் சேர்ந்து கல் போல இறுகிவிடும். புகை போகும் வழி குறுகும்போது எஞ்சின் முழு வேகத்தை எட்டாது, கறும்புகை விடும். நீர் விழும் துளை அடைபடும்போது பின்பக்கத் தண்ணீர் மெலியும், எக்ஸாஸ்ட் ஹோஸ் தொட முடியாத அளவு சுடும். பேட்டரி சார்ஜ் செய்வதற்காகச் சுமையில்லாமல் மணிக்கணக்கில் எஞ்சினை ஓட்டுகிற படகுகளில் கரி வேகமாகப் படியும்.

ரப்பர் ஹோஸைக் கழற்றி விரலையும் டார்ச்சையும் உள்ளே விட்டால் நிலைமை தெரிந்துவிடும். வழி மூன்றில் ஒரு பங்கு அடைபட்டிருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். வார்ப்பிரும்பு எல்போவைச் சுரண்டும்போது சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். உள்சுவர் துருப்பிடித்து ஓட்டையானால் கடல் நீர் பின்னோக்கி சிலிண்டருக்குள் இறங்கும். அது எஞ்சினின் முடிவு. சந்தேகம் இருந்தால் புதியது வாங்குவதே மலிவு.

தண்ணீர் நன்றாக வருகிறது, ஆனாலும் சூடேறுகிறது

இப்போது உள்சுற்றைப் பாருங்கள். எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் பச்சையோ சிவப்போ திரவம் கிடந்தால் ஹோஸ் அல்லது கிளாம்ப். எங்கும் சிந்தாமல் குறைகிறதென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் உள்குழாய் ஓட்டையாகி, அழுத்தத்தில் கூலன்ட் கடலுக்குள் போகலாம். எஞ்சின் ஓடும்போது கூலன்ட் தொட்டியில் குமிழ்கள் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூலன்ட் மொத்தமாகக் காலியானால் வெப்ப சென்சார் நீரில் மூழ்காமல் வெறும் காற்றில் நிற்கும். அப்போது மானி குறைவாகக் காட்டும், அலாரமும் அடிக்காமல் போகலாம். முள் திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள்.

கூலன்ட் மாற்றிய பிறகோ, சுடுநீர்த் தொட்டியின் ஹோஸைக் கழற்றி மாட்டிய பிறகோ சூடேறினால் உள்ளே காற்று சிக்கியிருக்கும். மிக உயரத்தில் இருக்கும் ஹோஸ் இணைப்பைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் திரவம் வரும்வரை மேலே ஊற்றிக்கொண்டே இருங்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க ஒரு பாத்திரமும் சமையல் வெப்பமானியும் போதும். நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். அதன் மேல் பொறித்துள்ள வெப்பநிலையில் திறக்கத் தொடங்க வேண்டும், ஆறும்போது மூட வேண்டும். கடல் நீர் நேராக ஓடும் எஞ்சினில் தெர்மோஸ்டாட் மூடியே சிக்கிக்கொண்டால், நீர் எஞ்சினைச் சுற்றாமல் பைபாஸ் வழியாக நேரே எக்ஸாஸ்டுக்குப் போய்விடும். பின்பக்கம் தண்ணீர் தாராளமாகத் தெரியும், எஞ்சின் மட்டும் கொதிக்கும்.

குறைந்த வேகத்தில் ஒன்றுமில்லை, ஒரு மணி நேரம் வேகமாக ஓட்டினால் மெல்ல மெல்லச் சூடேறுகிறது என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. இது ஒரே நாளில் வராது. ஒவ்வோர் ஆண்டும் முள் சற்று மேலே நிற்கும். வெப்பமான கடலுக்கு வரும்போது அது வெளிப்படும். கூலன்ட் 80 டிகிரியில் இருக்க, கடல் 10 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் 70. வங்காள விரிகுடாவைப் போல 30 டிகிரி நீரில் வித்தியாசம் 50-தான். அதாவது சூட்டைக் கடத்தும் திறனில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. ஐரோப்பாவில் ஒழுங்காக ஓடிய படகு இந்துமாக் கடலில் திணறுவதற்கு இதுதான் காரணம்.

சுத்தம் செய்ய இரு பக்க மூடிகளையும் கழற்றி, குழாய்களை மெல்லிய மூங்கில் குச்சியால் தள்ளுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். துத்தநாகக் கட்டை (மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவது) வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்சரென்றால் அதன் உடைந்த துண்டுகளே குழாயை அடைத்திருக்கும். பாதி கரைந்ததுமே கட்டையை மாற்றிவிடுவது இதைத் தவிர்க்கும். சுண்ணாம்பு குச்சிக்கு அசையாவிட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பத்து மடங்கு நீரில் கலந்து, நுரைப்பது அடங்கும்வரை ஊற வைத்துக் கழுவலாம். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினிய உறையோ மூடியோ அதில் படக்கூடாது, அரித்துவிடும். குழாய்த் தொகுதியை மட்டும் தனியாக எடுத்து ஊற வையுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், எஞ்சின் அளவுக்கு மீறி இழுக்கிறதா என்று பாருங்கள். நியூட்ரலில் முழு வேகத்தைத் தொட்டு, கியர் போட்டால் அதில் முக்கால்வாசிகூட வராமல் கறும்புகை விட்டால், புரொப்பல்லரில் கயிறு சுற்றியிருக்கலாம், கொட்டலசு அப்பியிருக்கலாம், அல்லது புரொப்பல்லரே அந்த எஞ்சினுக்குப் பெரியதாக இருக்கலாம். மானி பொய் சொல்வதும் உண்டு. அகச்சிவப்பு வெப்பமானியால் தெர்மோஸ்டாட் உறையைக் குறிவைத்து அளந்தால் உண்மை தெரியும்.

சூடேறி அடங்கிய எஞ்சினை மீண்டும் கிளப்பும் முன்

எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் நீர் இறங்கியிருக்கிறது, கிளப்ப வேண்டாம். எண்ணெய் சுத்தமாக இருந்து, கிளப்பும்போது எஞ்சின் பிடிக்க மறுத்தால் சீகாக்கை மூடிவிட்டு முயலுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும் ஒவ்வொரு முறையும் கடல் நீர் பம்ப் வாட்டர்லாக்கை நிரப்புகிறது. அதை வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இல்லாததால் நீர் பின்னேறி சிலிண்டருக்குள் போகும். எஞ்சின் பிடித்ததும் உடனே சீகாக்கைத் திறங்கள்.

எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு நாளில், குறிப்பிட்ட வேகத்தில் எக்ஸாஸ்ட் வாயில் வாளியைப் பிடித்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று அளந்து, எஞ்சின் மூடியின் உட்பக்கம் எழுதி வையுங்கள். எக்ஸாஸ்ட் ஹோஸில் கட்டும் வெப்ப அலாரம் ஒன்றையும் மாட்டுங்கள். கடல் நீர் நின்றால் கூலன்ட் சென்சாருக்கு வெகு முன்பே அது கத்தும். படகில் எப்போதும் இருக்க வேண்டியவை இரண்டு இம்பெல்லர், அவற்றுக்கான கேஸ்கெட்கள், ஒரு பெல்ட், ஒரு தெர்மோஸ்டாட், ஐந்து லிட்டர் கூலன்ட், சில அளவுகளில் கிளாம்ப், முன்தகட்டுக்கு உபரி ஸ்க்ரூக்கள். இம்பெல்லரை வாங்கும்போதே பழையதோடு இலை எண்ணிக்கை, விட்டம், நடுத்துளையின் வடிவம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே எஞ்சின் மாடலிலேயே ஆண்டுக்கு ஆண்டு பம்ப் மாறியிருக்கலாம்.